பப்பாவின் காரில் பூட்டிய பெரிய மெனிபோல்ட்

பெற்றோல் மணம்... அதுவும் என் குசினிக்குள்!

கல்யாணம் முடிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அரிசி கழுவ வைத்திருந்த புதுப் பேசினுக்குள் நாலு குழாயுள்ள ஒரு அலுமினியச் சாமான், கணவாய் மீன் மாதிரிக் கிடந்தது. பக்கத்தில் குந்தியிருந்து பழைய பிரஷ்ஷால் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார் என் கணவர் குகன்.

"இஞ்சருங்க, என்ன கண்டறியாத சாமான் இது?"

"மெனிபோல்ட் ஜெனி. எஞ்சின் இதாலதான் மூச்செடுக்கும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்றைக்கும் முழுசாக விளங்கவில்லை, கார் தெரிந்தவர்கள் கொமெண்டில் சண்டைக்கு வராதீர்கள்.

அவர் சொன்னது இதுதான். என் பப்பாவின் பழைய காரில் இருந்தது ஆயிரத்து முன்னூறு சிசி எஞ்சின். அதே கம்பனி, அதே குடும்பத்தில் ஆயிரத்து அறுநூறு சிசி எஞ்சினும் செய்திருக்கிறது. அண்ணன் தம்பி மாதிரி... அண்ணனின் மெனிபோல்ட் தம்பிக்கும் பூட்டுப்படும். குழாய் பெரிசு, காற்றுக் கூடப் போகும், கார் நல்லா இழுக்கும். செங்கலடியில் பழைய வாகனங்களை உடைத்து விற்கும் கடையொன்றில் தேடிப் பிடித்திருக்கிறார்.

"மூக்கு பெரிசெண்டா ஆள் வேகமா ஓடுவாரா?" என்று கேட்டேன். மனுசன் அரை மணித்தியாலம் விளக்கம் சொன்னார். கேட்ட பிறகு குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

ஆனால் அவர் ஏன் இந்தப் பாடு படுகிறார் என்பது மட்டும் எனக்கு நன்றாகவே விளங்கியது.

பப்பா அவரோடு கதைப்பதில்லை. நாங்கள் டவுனில் கத்தோலிக்கக் குடும்பம். அவர் மண்டூர், முருகன் கோயிலடி. பப்பா கல்யாணத்துக்கு வந்தார், படத்துக்கு நின்றார்... அவ்வளவுதான். மூவரும் ஒரே மேசையில் இருந்தாலும், "அவருக்குச் சோறு வேணுமா எண்டு கேளு" என்று என்னிடம்தான் சொல்லுவார். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

பப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "இந்தக் கார வச்சி ஒரு பஸ்ஸ முந்த ஏலாது" என்பது அவருடைய தினசரிப் புலம்பல். குகன் அதைப் பிடித்துக்கொண்டார். அனுமதியும் என் மூலமாகத்தான் வந்தது. "செய்யிறதெண்டா செய்யச் சொல்லு. பழுதாக்கினா தெரியும்."

பூட்டி முடித்த ஞாயிறு, பூசை முடிய மண்டூருக்குப் போவதென்று முடிவு. பப்பா முதன்முதலாகச் சம்பந்தி வீட்டுக்கு வரச் சம்மதித்திருந்தார். அவர்தான் கார் ஓடினார். நான் முன்சீட்டில், குகன் பின்சீட்டில், வேர்த்து வடிய.

ஆரையம்பதி தாண்டி முன்னால் ஒரு பஸ். பப்பா கியரை மாற்றி எடுத்தார், முந்தினார். ரோட்டையே பார்த்தபடி ஓடினார். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன், குகன் என்னைப் பார்த்தார். இழுத்ததா இல்லையா? இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

குருமண்வெளியில் வாவியைக் கடக்க வாகனம் ஏற்றும் மிதவை இருக்கிறது. எங்கள் பக்கம் அதைப் பாதை என்போம். இறங்குதுறைச் சரிவில் கார் இறங்கும்போது எஞ்சின் திடீரென்று கத்தத் தொடங்கியது. முதல் பிரேக் பிடித்தது. இரண்டாவது...

"பிரேக் கல்லு மாதிரி இரிக்கி!" என்றார் பப்பா.

பாதை அப்போதுதான் அக்கரைக்குப் புறப்பட்டிருந்தது. முன்னால் வெறும் தண்ணீர். பப்பா இரண்டு காலாலும் பிரேக்கில் ஏறி நின்றார், ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கரையில் நின்ற சனமெல்லாம் கத்தியது. "அந்தோனியாரே!" என்று நான் கண்ணை மூடிவிட்டேன்.

நின்றது. முன்டயருக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு சாண்.

குகன் பாய்ந்து இறங்கிப் பொனட்டைத் திறந்தார். மெனிபோல்டிலிருந்து பிரேக்குக்குப் போகும், பிரேக் மிதிக்க லேசாக்கும் ரப்பர் பைப் கழன்று தொங்கியது.

"மாமா, பிழை என்னிலதான்" என்றார். "புது மெனிபோல்ட்ட முனை மெல்லிசு, பைப் லூசாயிருந்திச்சு. டேப் சுத்தி கிளிப் போட்டன். சூட்டுக்கு இளகிப் போச்சு."

டேப்! மூன்று உயிரை ஒரு சுற்று டேப்பில் கட்டியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதைவிடப் பயம்... பப்பா இப்போது காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார், இனி இந்த மனுசனின் முகத்தையே பார்க்க மாட்டார், எல்லாம் முடிந்தது என்று.

பப்பா நெடுநேரம் பொனட்டுக்குள் பார்த்தார். பிறகு குகனைப் பார்த்தார், நேராக.

"ஆனா மனே... அந்த பஸ்ஸ முந்தக்குள்ள நல்லா இழுத்திச்சு."

நான் திகைத்துப் போனேன். மனே... மகனே என்றா சொன்னார்?

பாதைக்காரர் ஒருவர் தந்த பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, பைப்பை இறுக்கிப் பூட்டி, அடுத்த பாதையில் மண்டூர் போனோம். பப்பா மாமி வீட்டில் இரண்டாம் தரமும் சோறு வாங்கினார். பழைய மெனிபோல்ட்டைத் திரும்பப் பூட்டுகிறேன் என்று குகன் பிறகு எத்தனையோ தரம் கேட்டார். "அது இரிக்கட்டும், நல்லா ஓடுது" என்பார் பப்பா. கடைசிவரைக்கும் அப்படித்தான் சொன்னார்.

பப்பா போய் மூன்று வருடம். இப்போது எங்களிடம் ஹைபிரிட் கார். பொனட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. ஏதும் பிழையென்றால் ஒரு விளக்கு எரியும், கடைக்காரன் கம்பியூட்டரைக் கொழுவிப் பார்ப்பான். யாரும் எதையும் கழற்றி மாற்றிப் பூட்டுவதில்லை.

போன கிழமை அதைக் கழுவிக்கொண்டிருந்தபோது குகன் சும்மா சொன்னார். "அந்தச் சின்ன எஞ்சினுக்கு அந்த மெனிபோல்ட் பெரிசு கூடிப்போச்சு ஜெனி. எங்கட ரோட்டு ஓட்டத்துக்கு இழுவை குறைஞ்சிதான் இரிக்கும்."

"அப்ப பப்பா நல்லா இழுத்திச்செண்டு சொன்னாரே?"

"முப்பது வருஷம் பஸ் ஓடின மனுசன். இழுக்கல்லயெண்டு அவருக்கு விளங்காமலா?"

அப்படியென்றால் ஏன் சொன்னார்? உண்மையிலேயே இழுத்ததா, இல்லை... ஒன்றும் விளங்கவில்லை. கேட்கப் பப்பாவும் இல்லை. குகனைத் திரும்பிப் பார்த்தேன். குழாயை மூடாமல், ஏற்கனவே கழுவிய டயரையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.