சித்தமானால் என்று சொல்லிவிட்டு

கரி ரயில் கிள்ளை ஸ்டேஷனைத் தாண்டும்போதுதான் எனக்கு அது உறைத்தது. எதிரில் உட்கார்ந்திருந்த நண்பன் சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

"மச்சான், நாங்க இன்ஷா அல்லான்னா வந்துடுவோம். நீ கர்த்தருக்குச் சித்தமானான்னு சொன்னா, வரமாட்டன்னு அர்த்தமாடா?"

நான் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தினம் ரயிலில் போய்ப் பி.எஸ்ஸி. படிக்கிறவன். அவன் பரங்கிப்பேட்டையில் ஏறுவான். பி.யூ.சி.யில் கணக்கில் மட்டும் தவறிவிட்டு, சிதம்பரத்தில் மாமாவின் ஜவுளிக்கடையில் நிற்கிறான். செப்டம்பரில் மறுபடி எழுதவேண்டும். இந்தத் தடவையும் போனால் மலாயாவில் ஒரு ஜவுளிக்கடைக்குக் கப்பலேற்றிவிடுவதாக மாமா சொல்லிவிட்டார். அவனுக்கோ இன்ஜினீயராக வேண்டும். சனிக்கிழமை வந்து கணக்குச் சொல்லிக் கொடு என்று மூன்று வாரமாகக் கேட்டான். மூன்று தடவையும் நான் அந்தச் சொல்லைத்தான் சொன்னேன்.

முதல் சனிக்கிழமை பூப்பந்து. இரண்டாவது, சர்ச்சில் வாலிபர் கூட்டம். அன்று பிறனை நேசிப்பதைப் பற்றிப் பேசியவனே நான்தான். மூன்றாவதற்குக் காரணம்கூடக் கிடையாது.

எங்கள் வீட்டுப் பழக்கம் அப்படி. யாராவது விசேஷத்துக்கு அழைத்து, அம்மா "சித்தமானா வர்றோம்" என்றால், அன்றைக்கு வீட்டில் வழக்கம்போல் உலை ஏறிவிடும். முடியாது என்று சொல்லக் கூச்சம். ஆண்டவரை முன்னால் நிறுத்திவிட்டு நாங்கள் பின்னால் ஒளிந்துகொள்வோம்.

சிதம்பரத்தில் இறங்குவதற்குள் முடிவு செய்துவிட்டேன். ஆண்டவருடைய சித்தம் தெரியாமல் நான் ஒன்றும் தவிக்கவில்லை. எதிரில் இருப்பவனுக்குக் கணக்கு வரவில்லை, எனக்கு வரும். இதற்குமேல் அவர் எப்படித்தான் சொல்வார்? இனி அந்தச் சொல் என் வாயில் வந்தால், என் பங்குக்கு நான் கிளம்பிவிட்டேன் என்று பொருள். வண்டி கவிழ்ந்தால்தான் அது அவர் பாடு.

அந்தச் சனிக்கிழமை போனேன். அவன் வீட்டில் அக்கா கல்யாணக் கூட்டம். ஆகவே பரங்கிப்பேட்டை பிளாட்பாரத்து பெஞ்சிலேயே உட்கார்ந்தோம். அல்ஜீப்ரா ஓடியது. அவனுக்குத் தெரியாததல்ல, பயம்தான். அவன் விடை சரியாக வரும்போதெல்லாம் எனக்குப் பாட்டுப் பாடவேண்டும் போலிருந்தது. பிறகு பரபோலா என்ற வளைகோட்டு அத்தியாயத்தைத் திறந்தான்.

போன வருஷம் அந்த அத்தியாயத்தைச் சாய்ஸில் விட்டுப் பாஸானவன் நான். தெரிந்த மாதிரி இரண்டு பக்கம் கிறுக்கினேன். அவன் பொறுத்துப் பார்த்தான்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லேன் மச்சான்."

"தெரியலடா" என்றேன்.

"அப்ப ரெண்டு பேரும் மலாயாவுக்கே போயிடுவோம். அங்க துணி கிழிக்க பரபோலா தேவையில்ல."

சிரித்தான். ஆனால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். அந்த அத்தியாயத்திலிருந்து கட்டாயம் ஒரு பெரிய கணக்கு வருமாம். இன்னும் பதினாறு நாள்தான் இருக்கிறது.

எங்கள் கணக்குப் பேராசிரியர் வகுப்பில் பேசிக்கொண்டிருந்ததற்காக என்னை இருமுறை வெளியே அனுப்பியவர். திங்கட்கிழமை அவர் அறைக்குப் போகப்போகிறேன். திட்டினால் திட்டட்டும், பரபோலாவை வாங்காமல் வெளியே வருவதில்லை. என்ன கேட்பதென்று தெரியவேண்டுமே. அதனால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் புத்தகத்தோடு உட்கார்ந்து, எங்கெங்கே முட்டுகிறதோ அங்கெல்லாம் கோடு போட்டுவைக்க வேண்டும். செவ்வாய் மாலை திரும்பும் வண்டியில் பரங்கிப்பேட்டையில் இறங்கி, முதல் கணக்கிலிருந்து இருவருமாக ஆரம்பிக்கிறோம்.