உட்கார மறுத்த பிச்சையம்மாள்

நெருக்கடி நிலை முடிந்து ஓராண்டு ஆகியும், கோடைக்கானல் மலைக் கிராமமான பேத்துப்பாறையில் ஜீப் சத்தம் கேட்டால் ஆண்கள் காட்டுக்குள் ஓடினார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடித்த நாட்களின் பயம் அது. பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடக்கூட யாரும் விடவில்லை.

கூலிக்குப் பூண்டு நடும் பிச்சையம்மாளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். அவள் புருஷன் மலைச்சாமி மரம் சாய்ந்து இறந்தது எழுபத்துநான்கில். எழுபத்தாறில் அவருக்கு ஆபரேஷன் நடந்ததாகச் சர்க்கார் பட்டியல் சொன்னது. இறப்புச் சான்றோடு விதவைச் சான்று கேட்டுப் போனவளை, "பட்டியல்ல ஒம் புருசன் உசுரோட இருக்காரே" என்று திருப்பி அனுப்பினார்கள்.

எழுபத்தெட்டில் டில்லியிலிருந்து அமைச்சர் ஒருவர் கோடைக்கானலுக்கு வந்தார். நடந்த கொடுமைகளுக்கு ஊர் ஊராக மன்னிப்புக் கேட்டு வந்தவர். "இனி எங்களை நம்புங்கள்" என்று அவர் பேசியதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். கைதட்டலுக்கு நடுவே பிச்சையம்மாள் எழுந்தாள்.

"செத்த மனுசனுக்கு ஆப்பரேசன் பண்ணுனதா எழுதி வச்சிருக்கீங்க. அதை அழிக்காம எப்படிங்க நம்புறது?"

"மனுவைக் குடுத்துட்டு உட்காரும்மா" என்று அதட்டினார் ஓர் அதிகாரி.

"நாலு மனு குடுத்தாச்சு. உக்கார மாட்டேன்."

மொழிபெயர்ப்பாளர் அமைச்சரின் காதில் இரண்டே வார்த்தை முணுமுணுத்தார். பிச்சையம்மாள் விடவில்லை.

"நான் இம்புட்டுச் சொன்னேன், நீங்க இத்துணூண்டு சொல்றீங்க. முழுசாச் சொல்லுங்க!"

கூட்டம் சிரித்தது. அமைச்சர் சிரிக்கவில்லை. முழுவதையும் மொழிபெயர்க்க வைத்துக் கேட்டார். மேடையை விட்டு இறங்கி வந்து, அவள் நீட்டிய இறப்புச் சான்றைப் பார்த்தார். விசாரிப்பதாகச் சொன்னார்.

"விசாரணை இருக்கட்டும்ங்க. அது பொய்யின்னு மைக்குல சொல்லுங்க. ஊரு கேக்கட்டும்."

அமைச்சர் மறுபடி மேடையேறினார். மலைச்சாமி என்ற பெயரைத் தட்டுத்தடுமாறி உச்சரித்து, அந்தப் பட்டியல் பொய், அதற்காக அரசாங்கம் தலைகுனிகிறது என்றார். பிச்சையம்மாளின் கண் கலங்கியது. ஆனாலும் உட்காரவில்லை. பின்வரிசையிலிருந்து அதே ஊர்த் தங்கமுத்து எழுந்தான். "அந்தப் பட்டியல்ல எம் பேரும் பொய்யிங்க." அப்புறம் இன்னும் பத்துப் பேர்.

இரண்டே மாதத்தில் பட்டியல் திருத்தப்பட்டது. பொய் எழுதியவர்களின் வேலை போனது. செண்பகனூரிலிருந்து நர்ஸ் தெரசம்மாள் தடுப்பூசிப் பெட்டியோடு வந்தபோது, தாய்மார்கள் தயங்கித் தயங்கியாவது பிள்ளைகளைத் தூக்கி வந்தார்கள்.

அடுத்த தேர்தலில் அமைச்சரின் கட்சிக்காரர்கள் பிச்சையம்மாளை மேடையில் வந்து பேசக் கூப்பிட்டார்கள்.

"அவரு செஞ்சது அவரு சோலி. எனக்கு எஞ்சோலி கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் பூண்டுக் காட்டுக்குக் கிளம்பினாள்.