கடைசிப் படியிலிருந்து

என் மகளுக்குப் பதினோரு வயது நடந்த வருஷம் அவள் வயிற்றைப் பிடித்தாலே போதும், எனக்குக் கை கால் ஓடாது. அநேகமாக மாங்காய் தின்ற வலியாகத்தான் இருக்கும். இருந்தாலும் ஓடிப்போய்ப் பாவாடையைப் பார்ப்பேன். அவளுக்கு அறிவு வளர்ச்சி குறைவு. பேச்சும் கொஞ்சம்தான். வலிக்கிறது என்பதற்கும் பசிக்கிறது என்பதற்கும் ஒரே முனகல். இவள் பெரியவளானால் இரத்தத்தைப் பார்த்து என்ன நினைப்பாள், யாரிடம் எப்படிச் சொல்வாள் என்று உரக்கடையில் பில் போடும்போதுகூட அதே நினைப்பு. யூரியாவுக்குப் பொட்டாஷ் விலை போட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

பாலக்கோட்டில் இருக்கும் என் அக்காவுக்கு இந்தக் குழப்பமே இல்லை. கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டியதுதான் என்றாள். அவளுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படிச் செய்தார்களாம். அந்த டாக்டரையே போய்ப் பார்க்கலாம் என்றாள்.

"மாசாமாசம் நீ கழுவுவ. சரி. உனக்கப்புறம் யாருடி கழுவுறது? நாளைக்கு எங்க வூட்டுக்குத்தான வரப்போறா. எனக்கும் வயசாவுது இல்ல?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு ஒன்று ஆனால் என் மகளை வைத்துக்கொள்ளப் போகிறவள் அவள் ஒருத்திதான். அதனால்தான் அந்தப் பேச்சு இன்னும் சுட்டது. லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர் பெங்களூரிலிருந்து போனில், "உங்கக்கா சொல்றதும் நியாயந்தான?" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

தேடாத இடமில்லை. போனில் ஒரு இங்கிலீஷ் வீடியோ கிடைத்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் நாப்கின் மேல் நீலத் தண்ணீரை ஊற்றிச் சிரித்தாள். நீலமாக வந்தால் எனக்கென்ன கவலை? தமிழில் ஒரு கையேடு கிடைத்தது. முதல் பக்கத்திலேயே சுகாதார மேலாண்மை என்று ஆரம்பித்தது. எனக்கே திரும்பத் திரும்பப் படித்தால்தான் விளங்கியது. ஆகட்டும் என்று நானே குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்து நாப்கினில் ஊற்றிக் காட்டினேன். மகள் அதைப் பார்த்தாள், ஒரு விரலால் தொட்டாள், பயபக்தியோடு நெற்றியில் வைத்துக்கொண்டாள். பிறகு எனக்கும் வைத்துவிட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

வட்டார வள மையத்துக்கு வரும் சிறப்பு ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார், ஆனால் கேலியாக இல்லை.

"கண்ணால கண்டதத்தான் அவ நம்புவா. உங்களுக்கு வர்றப்ப காட்டுங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல சொல்லாதீங்க. கடைசிப் படியிலிருந்து ஆரம்பிங்க. முன்னாடி உள்ளதெல்லாம் நீங்க செய்யுங்க, முடிக்கறத மட்டும் அவளச் செய்யச் சொல்லுங்க. தான் முடிச்சோம்னு இருந்தாத்தான் அடுத்த தடவை கை வரும்."

அக்கா சொன்ன ஆபரேஷன் பற்றியும் கேட்டேன். "நோய்னா டாக்டர் பாத்துக்குவாருங்க. சுத்தம் பண்றது சிரமம்னு ஒரு உறுப்ப எடுக்கறது சரியில்லீங்க" என்றார். பிறகு, "ஒதுக்கி உக்கார வெப்பாங்கல்ல, அதுல கவனமா இருங்க. இவங்களுக்கு முதல்ல பதியறதுதான் நிக்கும். தொடாதங்கறது பதிஞ்சா எடுக்கறது கஷ்டம்" என்றார். எங்கள் பக்கம் பெரியவளானால் தனித் தட்டு, தனி டம்ளர், தனி மூலை. அதுவரை நான் அதை ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. அன்றிலிருந்து அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது.

வீட்டுக் குளியலறை, நாப்கின், பக்கெட், மூடி போட்ட குப்பை டப்பா, சோப்பு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக் கம்பைநல்லூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். "பக்கெட்டுக்கு எதுக்குக்கா கலர் பிரிண்ட்?" என்று கடைக்காரர் கேட்டார். கண்காட்சி வைக்கப் போகிறேன் என்றேன். அவற்றைக் குளியலறைச் சுவரில் வரிசையாக ஒட்டினேன்.

எனக்கு வரும் நாட்களில் கதவைச் சாத்தாமல் அவளை உள்ளே கூப்பிட்டேன். சொந்தத் தாய்க்கும் காட்டாததைப் பெற்ற பிள்ளைக்குக் காட்ட எனக்குக் கூசியது. முகத்தைத் திருப்பிக்கொண்டே காட்டினேன். நாப்கினைச் சுற்றிய காகிதத்தை அவள் கையில் கொடுப்பேன். அவள் டப்பாவில் போட்டு மூடுவாள். பிறகு இருவர் கையும் குழாயடியில் சேர்ந்து நனையும், நான் அவளுக்குச் சோப்பு போட்டுவிடுவேன். அது கைவந்த பிறகு காகிதத்தில் சுற்றுவது. அதற்கு மேல் நகரவில்லை. நாப்கினை ஒட்டப் பழகுவதற்குள் அவளுக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொரு மாதமும் பயந்தேன்.

நான் வீட்டில் இல்லாத நாளில்தான் வந்தது.

மூக்குக்கண்ணாடி மாற்றச் சேலம் போயிருந்தேன். மகளைப் பார்த்துக்கொள்ள அக்கா வந்திருந்தாள். திரும்பி வரும்போது மொரப்பூருக்குச் சற்று முன்னால் ரயில் சிக்னலுக்காக நின்றுவிட்டது. அப்போது அக்காவின் போன்.

"வந்துடுச்சுடி."

எழுந்து கதவருகே போனேன். இறங்கி நடந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. வெளியே கல்லும் முள்ளும். "ஓரமா உக்கார வெச்சிட்டியா? ஏதாச்சும் சொல்லிட்டியா?" என்று கத்தினேன். பெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க உக்கார வெக்கறது? எனக்கே ஒண்ணும் ஓடல. அவதான் என் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி செவுத்துல இருக்கற படத்தக் காட்டுனா. நான் ஒட்டிக் குடுத்தன். அப்புறம் அந்த அழுக்குத் துணிய எங்கிட்ட தரவே மாட்டேன்னுட்டா. அவளே காயிதத்துல சுத்தி டப்பாவுல போட்டு மூடிட்டா. நல்ல ஜட்டிடி, போச்சு. அதோட வுடல. என் கையையும் இழுத்துக் கொழாயில புடிச்சா. சோப்பு போட்டுக் கழுவி வுட்டாடி எனக்கு."

இத்தனை மாதம் காத்திருந்த நேரத்தில் நான் அங்கே இல்லையே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எதற்கென்று தெரியாமல், "அந்த டாக்டரப் பாக்கணும்னியே" என்று கேட்டேன்.

"எந்த டாக்டரு?" என்றாள் அக்கா. "நீ மெதுவா வா. அவளே தட்ட எடுத்துட்டு வந்து என் பக்கத்துலயே உக்காந்துட்டா. நாங்க ரெண்டு பேரும் சாப்ட்டாச்சு."

ரயில் இன்னும் கிளம்பவில்லை. எனக்குப் பிறகு எப்படி, எனக்குப் பிறகு எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தேனே, இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.