கண்ணுக்கு ஒன்று, காலுக்கு ஒன்று

சூடான இன்ஜின் ஆயில் வாசனை... கூடவே வெயிலில் காய்ந்த புல்லின் வாசனை... இரண்டும் சேர்ந்து எங்கே வந்தாலும் எனக்கு செகந்திராபாத் பக்கத்து பேகம்பேட் பழைய ஏர்போர்ட்தான் ஞாபகத்துக்கு வரும்.

குஷாய்குடாவில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பழைய காலத்து விமானங்கள் பறக்கப் போகின்றன, முடிந்ததும் பைலட்டுகள் ஜனங்களோடு பேசுவார்கள் என்று ஆபீசில் சொன்னார்கள். விமானம் எனக்கு இரண்டாம்பட்சம். பைலட்டிடம் கேட்க என்னிடம் ஒரு கேள்வி இருந்தது.

அதற்கு முன்னால் என் உயரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மௌலாலி ரயில்வே காலனியில் என் பெயர் 'அரை டிக்கெட்'. சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகும் அதே பெயர்தான். அந்த அரை டிக்கெட்டுக்கு விமானம் ஓட்ட ஆசை.

ஒரு ஃப்ளையிங் கிளப்புக்குப் போய்க் கேட்டும் பார்த்துவிட்டேன். இன்ஸ்ட்ரக்டர் விமானத்தில் உட்காரச் சொன்னார். எதிரே மீட்டர்கள்தான் தெரிந்தன, ரன்வே தெரியவில்லை. கீழே பெடலும் எட்டவில்லை. விமானத்தின் மூக்கை இடம் வலம் திருப்புவது அந்தப் பெடலால்தான்... கால் எட்டாதவளுக்கு அங்கே வேலையில்லை.

விட்டேனா? அடுத்த வாரம் அம்மாவின் இலவம்பஞ்சுத் தலையணையைக் கட்டைப்பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். அதன் மேல் உட்கார்ந்தால் ரன்வே தெரிந்தது. ஆனால் ஆள் மேலே போனதும் காலும் சேர்ந்து மேலே போய் அந்தரத்தில் தொங்கியது. இன்ஸ்ட்ரக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாரி சொன்னார். தலையணையோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில், கோச் சீட்டுகளுக்கு ரெக்சின் தைக்கும் பிரிவில் இருந்தார். நான் அந்தப் பையோடு படியேறியதைப் பார்த்துவிட்டு மெதுவாக, எங்கள் ஊர் உருது கலந்த தமிழில் சொன்னார்.

"நக்கோம்மா, வேணாம். நம்ம ஒடம்புக்கு ஒத்து வராததோட எதுக்கு மல்லுக்கு நிக்கறே?"

அதில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பாவப்பட்டுச் சொன்னார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, பறக்கிறவர்களிடமே கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். கூட்டத்தில் நசுங்கிவிடுவேன் என்று அப்பாவும் கூடவே வந்தார்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பைலட்டுகள் வெளியே வரும் வழியில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டடுக்கு இறக்கை வைத்த மஞ்சள் விமானம் ஒன்று, தையல் மெஷினை வேகமாக மிதித்த மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு தலைக்கு மேல் போனது. அது இறங்கி வந்து நின்றதும் முன் சீட்டிலிருந்து நெடுநெடுவென்று ஒரு பெரியவர் இறங்கினார். பின் சீட்டிலிருந்து ஒரு அம்மா... அவருடைய முழங்கைக்குச் சற்று மேலேதான் இருந்தார்.

அந்த மாதிரி விமானத்தில் ஓட்டுகிறவர் உட்காருவது பின் சீட்டில்தான். என் உயரத்தில் ஒரு பைலட்!

அவ்வளவுதான், செல்ஃபி எடுக்கிற கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. காலையிலிருந்து நின்ற இடத்திலிருந்து என்னை யார் யாரோ பின்னால் தள்ளினார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகளும் பேக்பேக்குகளும்தான். போதும் போதும், பைலட்டுகள் போகணும் என்று வாலண்டியர்கள் கத்த ஆரம்பித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உயரமான அப்பாவுக்குத்தான் எல்லாம் தெரிந்தது.

"ஏய்... அந்தம்மா கையில ரெண்டு குஷன் இருக்குடி."

சொன்னவர் சும்மா இருக்கவில்லை. மேலதிகாரி முன்னால் குரலே எழும்பாத மனிதர், கையைத் தூக்கி அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.

"மேடம், மேரி பேட்டி கா ஏக் சவால் ஹை."

என் பொண்ணுக்கு ஒரு கேள்வி இருக்கு... கூட்டம் திரும்பிப் பார்த்தது, வழியும் விட்டது. பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று பழகிய இங்கிலீஷ் எல்லாம் எங்கேயோ பறந்துவிட்டது. குஷன்களைக் காட்டி, "ஒய் டூ?" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அந்த அம்மா என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். புரிந்துவிட்டது. அடியில் போடுவது கண்ணுக்கு, முதுகுக்குப் பின்னால் வைப்பது காலுக்கு என்று இங்கிலீஷில் சொன்னார். பின்னால் இருப்பது ஆளை முன்னால் தள்ளும், கால் பெடலைத் தொடும். மெத்தென்று இருந்தால் அமுங்கிவிடும் என்று தொட்டுப் பார்க்கவும் கொடுத்தார். அப்பா பெர்த் ஃபோமை அழுத்திப் பார்ப்பதுபோல் கட்டைவிரலால் அழுத்தினார், சாண் போட்டு அளந்துகொண்டார்.

திரும்பும்போது அப்பா வீடு வரைக்கும் டிக்கெட் எடுக்கவில்லை. செகந்திராபாத்தில் என்னையும் இறக்கி, ஃபோம் விற்கிற கடைக்குக் கூட்டிப்போனார்.

நீல ரெக்சின் போட்டு, ரயில் பெர்த்துக்குப் போடும் அதே தையலில் அப்பாவே தைத்த இரண்டு குஷன். செகண்ட் கிளாஸில் இரண்டு துண்டைக் கத்தரித்து எடுத்த மாதிரி இருந்தன. அவற்றோடு மறுபடியும் கிளப்புக்குப் போய் நின்றேன். கால் பெடலைத் தொட்டது... இடதும் வலதும் முழுசாக அழுத்திக் காட்டினேன். இந்த முறை இன்ஸ்ட்ரக்டர் சாரி சொல்லவில்லை.

லைசென்ஸ் கையில் வர வருஷக்கணக்கானது. ஷிப்டு மாற்றி, லீவு போட்டு, இரண்டு முறை ஃபெயிலாகி... வாங்கிவிட்டேன். ஏர்லைன் பைலட் எல்லாம் ஆகவில்லை. இன்னும் அதே குஷாய்குடா வேலைதான். ஆனால் வானிலை சரியாக இருக்கிற ஞாயிறுகளில் பறக்கிறேன்.

இப்போது வருகிற விமானங்களில் ஒரு லீவரை இழுத்தால் சீட்டே முன்னால் நகர்கிறது. கிளப்பில் சேர்கிற பெண்கள், "மேம், இது என்ன ட்ரெயின் பெர்த்தா?" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும். நான் ஓட்டுகிற பழைய விமானத்தின் சீட் அசையாது. நானும்தான்.

அப்பா ரிட்டயராகி வெகு நாளாயிற்று. முதுகுவலி வேறு. முதுகுக்கான குஷன் இப்போது வாரம் முழுக்க அவருடைய மர நாற்காலியில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் ஷூ போடும்போதே அதை உருவி நீட்டிவிடுவார்.

"ரெண்டும் எடுத்துக்கிட்டியா?"

நான் திரும்பி வரும்வரை வெறும் கட்டையில் சாய்ந்தபடி உட்கார்ந்திருப்பாராம். அம்மா தன் இலவம்பஞ்சுத் தலையணையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்குவதில்லையாம்.

"நக்கோ. அவ எறங்கி வரட்டும்."