மேற்குச் சுவர்

எங்கள் ஊர் வேதக்கோயிலைப் பற்றி யார் வந்து கேட்டாலும் எங்கள் ஆட்கள் இரண்டு பொய் சொல்வார்கள். வெள்ளைக்காரத் துரை கட்டியது என்பது முதல் பொய். சுண்ணாம்பில் முட்டையும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசியது என்பது இரண்டாவது. துரை அடிக்கல்லுக்கு ஒரு தடவையும் பிரதிஷ்டைக்கு ஒரு தடவையும் வந்தார், மற்ற நாளெல்லாம் குற்றாலத்தில் குளிர்ச்சியாக இருந்தார் என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். முட்டை விஷயம் அதைவிட மோசம். கஞ்சிக்கே வழியில்லாத சனம் சுவருக்கு முட்டை உடைத்து ஊற்றியதாம். கேட்பவர்களும் தலையாட்டிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள்.

கட்டியது எங்கள் ஆட்கள்தான். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனிக் கலயத்தில் போடும் வழக்கம் வீட்டுக்கு வீடு இருந்தது. அந்த அரிசிதான் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சோறு. அதைப் போட்டவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் கிடையாது. ஆனால் அவர்களுக்குக் காற்றைப் பற்றித் தெரிந்திருந்தது. ஆனி, ஆடிச் சீசனில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று சாரலையும் அள்ளிக்கொண்டு வந்து மேற்கேயிருந்து அறையும். மற்ற ஊர்களில் ஆல்டர் என்கிற பீடம் கிழக்கே, தலைவாசல் மேற்கே என்று கட்டுவார்கள். எங்கள் ஆட்கள் வாசலைத் தெற்கிலும் வடக்கிலும் வைத்துவிட்டு, மேற்கே இரண்டு முழக் கனத்தில் ஒரு சுவரை எழுப்பினார்கள். அதில் ஜன்னல் கிடையாது, ஒரு துவாரம்கூடக் கிடையாது. நான் அரசாங்கக் கட்டட வேலையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கட்டிய அந்தச் சுவரில் என்னால் ஒரு குற்றம் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

கோயிலில் பெண்கள் பாய் விரித்துத் தரையில் உட்காருவார்கள். என் அம்மாவுக்குக் கடைசி வரிசை. ஆயுசு முழுக்கக் குனிந்து பீடி சுற்றிய முதுகு, பிரசங்கம் முடியும்வரை தாங்காது. அதனால் மேற்குச் சுவரில் சாய்ந்துகொள்வாள். அவளுக்கு முன்னாலும் அப்படிச் சாய்ந்தவர்கள் உண்டு. தலை உயரத்துக்குச் சுவர் நெடுக எண்ணெய்க் கறை, எத்தனை வெள்ளையடித்தாலும் மறுபடி மேலே வரும்.

கமிட்டிச் செயலாளருக்கு முதலில் அந்தக் கறைதான் கண்ணை உறுத்தியது. பாவூர்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருப்பவர். கடைக்கு ரோட்டைப் பார்த்து முகப்பு இருப்பதுபோல ஆண்டவருக்கும் இருக்க வேண்டும் என்பது அவருடைய இறையியல். பக்கத்து ஊர்க் கோயிலில் ரோட்டுப் பக்கம் கோபுரம் எழுப்பியிருந்தார்கள், அந்த எரிச்சல் வேறு. ஒரு என்ஜினியர் வந்து செல்போனில் படம் காட்டினார். ரோட்டுப் பக்கம் இருக்கும் மேற்குச் சுவரை இடித்து, ரோமாபுரித் தூண்கள் நாலு, நடுவில் ஆனை நுழைகிற வாசல். எங்கள் பக்கம் பாஸ்டரை ஐயர் என்போம். அப்போது இருந்த ஐயர், மாற்றல் வருவதற்குள் பிரதிஷ்டைக் கல்லில் தன் பெயர் ஏறிவிட வேண்டும் என்ற ஒரே விசுவாசத்தில் இருந்தார். எல்லோரும் அந்தப் படத்தைப் பரலோகத்தையே பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

கூட்டத்துக்குப் புறப்பட்டபோது அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"மேக்குச் செவர இடிக்கக் கூடாதுன்னு சொல்லு, ய்யா. நீ படிச்சவன், நீ சொன்னா கேப்பாவ."

சொல்கிறேன் என்றுதான் போனேன். சொல்வதற்கு வாயையும் திறந்தேன். அதற்குள் செயலாளர் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, கல்லுல ஒங்க பேர கட்டட ஆலோசகர்னு போடச் சொல்லியிருக்கேன். நீங்க என்ன சொல்லுதிய?"

வாசலுக்கு மேலே அகலமாக ஒரு சன்ஷேடு போட்டுக்கொண்டால் நல்லது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

சுவரை இடிக்க மூன்று நாள் ஆயிற்று. மெஷின்காரன் இரண்டு தடவை இடிக்கிற வாளியின் பல்லை மாற்றினான். சித்திரை வெயிலில் பிரதிஷ்டை நடந்தது, பிரியாணி போட்டார்கள், பேராயர் புதிய வாசலைப் பார்த்துப் பரவசப்பட்டார். சீசன் பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நற்கருணை ஆராதனை. சன்ஷேடு இருக்கிறது என்று சாரலுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நேரே உள்ளே வந்து, நடுப்பாதை வழியாக ஆல்டர்வரை போய், அப்பத்தை நனைத்தது. ஐயருடைய வெள்ளை அங்கி தலைக்கு மேலே பறந்தது. பாட்டுப் புத்தகத்தின் தாள்கள் பறந்துபோய் மின்விசிறியில் அடிபட்டன. விசிறி மூன்று இறக்கையிலும் அன்பளித்தவர் பெயர் இருந்தது.

அடுத்த வாரம் செயலாளர் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். வாசலுக்கு ரோலிங் ஷட்டர் மாட்டினார். இப்போது சீசன் முழுக்க ரோமாபுரித் தூண்களுக்கு நடுவே ஷட்டர் இறங்கியிருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் குடோன் என்று நினைக்கிறார்கள். நாங்கள் பழையபடி தெற்கு வாசல் வழியாகத்தான் உள்ளே போகிறோம், ஷட்டர் தடதடக்கிற சத்தத்தில் பிரசங்கம் கேட்பதில்லை. அது ஒன்றுதான் லாபம்.

பழைய சுவரில் வடக்கு மூலையில் இரண்டு கையையும் விரித்த அகலத்துக்கு இடிக்காமல் மிச்சம் விட்டிருந்தார்கள். பிரதிஷ்டைக் கல்லைப் பதிக்க இடம் வேண்டுமே. வெள்ளை மார்பிள், தங்க எழுத்து, மேலே ஐயர், பிறகு செயலாளர், கடைசியில் நான். அம்மாவுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்துப் பார்த்தோம், உட்காரவில்லை. அந்த மூலைக்கே போய்ப் பாயைப் போட்டு, கல்லில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். இரண்டு மாதத்தில் மார்பிளின் கீழ் வரிகளில் எண்ணெய்க் கறை ஏறிவிட்டது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், கல் அசிங்கமாகிறது என்று செயலாளர் என்னிடம் சொன்னார்.

போய்ச் சொன்னேன். அம்மா திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, என் பேர் எந்த வரி என்று யாரிடமோ கேட்டு வைத்திருந்தாள்போல. முந்தானையால் கடைசி வரியை மட்டும் அழுத்தித் துடைத்தாள்.

"எம் மவன் பேரு எழுதுன கல்லுதான. அழுக்குப் பட்டா நானே தொடச்சிக்கிடுதேன்" என்றாள்.

பிறகு மறுபடி சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கூட்டத்தில் சொன்னாயா என்று அவள் இன்றுவரை என்னிடம் கேட்கவில்லை.