யாரு ஓட்டுறது அந்தக் கணக்கை?

“யாரு ஓட்டுறது அந்தக் கணக்கை? நிறுத்து!”

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போதே இப்படித்தான் வருவார். குடை ஒரு பக்கம் விழும், கைப்பை ஒரு பக்கம் விழும். உட்காருவதற்கு முன்பே விரல்கள் விசைப்பலகைக்குப் போய்விடும். கணினி அறையில் கணிதம் நடத்தும் இந்த விரிவுரையாளருக்கு மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘மிளகா மேடம்’. அது அவருக்கும் தெரியும். “மிளகான்னா போதாதுடா, பச்சையா காஞ்சதான்னு சொல்லு” என்பார்.

அறையில் வரிசையாக இருக்கும் கணினிகள் பெயருக்குத்தான். உண்மையில் கணக்குப் போடுவது மூலையில் பீரோவை ஒட்டி உறுமிக்கொண்டிருக்கும் ஒரே சர்வர். யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்த்துத் திருத்தலாம் என்கிற ஒரு கணித மென்பொருளை அதில் ஏற்றிவைத்தவர் மேடம்தான். தெருவே ஒரு குழாயில் தண்ணீர் பிடிப்பது மாதிரி. ஒருவன் குடத்தை நகர்த்தாமல் நின்றால் மற்றவர்களுக்குக் காற்றுதான் வரும்.

பதில் தாமதமானால் பிள்ளைகள் திரையில் இருக்கும் ஜன்னலை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறப்பார்கள். மூடியதும் பழைய கணக்கு செத்துவிட்டதாக நினைப்பு. அது சர்வருக்குள் உயிரோடு சுற்றிக்கொண்டிருக்கும்.

“மூடிட்டா போச்சா? அடுப்பை எரியவிட்டுட்டு வீட்டைப் பூட்டிட்டு வருவியா நீ?”

திட்டிக்கொண்டே, மாட்டிக்கொண்ட பையன் பக்கத்தில் குனிந்து, எந்த வரியில் முடிவில்லாமல் சுற்றுகிறது என்று தொட்டுக் காட்டுவார். புரிந்துவிட்டது என்று அவன் தலையாட்டிய பிறகும் திட்டு ஓயாது.

அன்று செய்முறைத் தேர்வு. முந்தைய தேர்வில் சர்வர் படுத்துவிட்டதில் பாதிப் பேருக்கு மதிப்பெண் போயிருந்தது. “மிஷின் மக்கர் பண்ணுச்சுன்னு மறுதேர்வெல்லாம் கிடையாது” என்று துறைத்தலைவர் கையை விரித்துவிட்டார். இன்றும் போனால் அந்தத் தாளே போனமாதிரி.

கேள்வித்தாள் கொடுத்துக் கொஞ்ச நேரத்திலேயே திரைகள் எல்லாம் உறைந்தன. முன்வரிசைப் பெண் கையைத் தூக்கினாள். கண் கலங்கியிருந்தது. மேடம் சர்வருக்குள் போய்ப் பார்த்தார். பிள்ளைகள் மேல் ஒரு தப்பும் இல்லை. பட்டியலின் உச்சியில் துறைத்தலைவர் பெயர். ஏதோ ஒரு ராட்சத எண்ணைக் காரணிகளாக உடைக்கும் அவருடைய ஆராய்ச்சிக் கணக்கு, மொத்த சர்வரையும் விழுங்கிக்கொண்டு கிடந்தது. மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் சர்வரில் இவ்வளவு இடம்தான் என்று வரம்பு வைத்த மேடம், துறைத்தலைவருக்கு மட்டும் அதைத் தன் கையாலேயே நீக்கியிருந்தார். வாசலில் நின்று சிரித்துக்கொண்டே கேட்டாரே என்று. நினைக்க நினைக்க அவருக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

போனை எடுத்தார்.

“சார், பரீட்சை நடக்குது. உங்க கணக்கைக் கொஞ்சம் நிறுத்துங்க.”

“வாரக்கணக்கா ஓடுதும்மா. நிறுத்துனா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். பசங்களைப் பொறுத்துக்கச் சொல்லு.”

“நடுநடுவுல சேமிச்சு வைங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே சார்.”

“ஓசி சாஃப்ட்வேர்னா இப்படித்தாம்மா இருக்கும். நான் அன்னிக்கே சொல்லலை?”

மேடத்தின் காதுமடல் சிவந்தது.

“ஓசிதான் சார். அந்த ஓசியிலதான் உங்க ஆராய்ச்சியும் ஓடுது.”

போனை வைத்துவிட்டுக் கட்டளையைத் தட்டினார். கடைசிப் பொத்தானுக்கு மேல் விரல் ஒரு நொடி நின்றது. பிறகு ஆணி அறைவது போல் இறங்கியது.

உச்சியிலிருந்த பெயர் மறைந்தது. உறைந்திருந்த திரைகளில் வரைபடக் கோடுகள் ஒவ்வொன்றாக வளைந்து எழுந்தன. முன்வரிசைப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுதத் தொடங்கினாள்.

கதவு படீரென்று திறந்தது. துறைத்தலைவர்.

“யாரைக் கேட்டு நிறுத்துன? என் கணக்கு போச்சு, தெரியுமா உனக்கு?”

தலைகள் எல்லாம் திரும்பின.

“இங்க என்ன வேடிக்கை? எழுதுங்கடா!” என்றார் மேடம், பிள்ளைகளைப் பார்த்து.

பிறகு கடைசி வரிசைக்குப் போனார். காலியாக இருந்த மாணவர் நாற்காலியை வெளியே இழுத்து, அதிலிருந்த தூசியை உள்ளங்கையால் தட்டி, துறைத்தலைவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். “உட்காருங்க சார், நடுநடுவுல எப்படிச் சேமிக்கிறதுன்னு காட்டுறேன்.”