இருமலோடு வந்த இசைத்தட்டு

உங்கள் மகள் முதன்முதலில் சொன்ன சொல் எது?

சாதாரணக் கேள்விதான். குழந்தை நல நர்ஸ் கேட்டார். மற்ற அம்மாக்கள் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். "அம்மா", "பால்", "பூனை"... நான் மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இனியாவுக்கு மூன்று வயதாகப் போகிறது. சிரிப்பாள். கையைப் பிடித்து இழுத்துப்போய் வேண்டியதைக் காட்டுவாள். காதும் நன்றாகக் கேட்கிறது – சோதித்துப் பார்த்துவிட்டார்கள். பேச்சு மட்டும் வரவில்லை. பேச்சுப் பயிற்சியாளரிடம் பெயர் கொடுத்துவிட்டு எங்கள் முறைக்காகக் காத்திருந்தோம்.

காத்திருக்கும் நேரத்தில் ஓர் அம்மா என்ன செய்வாள்? பேசுவாள். "நிறையப் பேசுங்கள்" என்று நர்ஸ் சொன்னாரே! கண் விழித்ததிலிருந்து நான் கிரிக்கெட் வர்ணனையாளர் மாதிரி. "அம்மா இப்ப வெங்காயம் வெட்டுறன், வெங்காயம் என்ன நிறம், சிவப்பு, ஓம், சிவப்பு வெங்காயம்..." பிறகு, சைல்ட்கேரில் குழம்பிப்போவாளோ என்று பயந்து, அதையே இங்கிலிஷிலும் ஒருமுறை.

இந்த நேரம் பார்த்து என் கணவர் குகன் ஒரு டபிள் எல்பி, அதாவது இரண்டு பெரிய இசைத்தட்டு, வாங்கி வந்தார். ஹங்கேரியில் பிறந்த ஒரு ஜாஸ் கிற்றார் கலைஞர் எப்போதோ ஒரு சின்ன கிளப்பில் வாசித்தது. நேரடிப் பதிவு. இப்போது மறுபதிப்பாக வந்திருக்கிறது.

"முந்தி வந்ததிலை சனத்தின்ரை சத்தத்தை வெட்டிப்போட்டாங்களப்பா. இதிலை முழுசா விட்டிருக்கினம். கிளாஸ் முட்டுற சத்தம், இருமல், அவர் நடுவிலை சுதி சேர்க்கிறது... எல்லாம் இருக்கு!"

"ஆரோ இருமினதைக் கேக்கவோ கடை கடையாத் திரிஞ்சனீங்கள்?"

"நீர் ஒருக்கா இருந்து கேளுமன்."

உட்கார்ந்து கேட்க நேரம் எங்கே? உண்மையில் என் கோபம் இருமல் மேலே இல்லை. அந்த இரண்டு தட்டிலும் ஒரு சொல்கூட இல்லை! ஒரே ஒரு சொல்லுக்காகத் தவம் கிடக்கிற வீட்டில், சொல்லே இல்லாத பாட்டா? சிறுவர் பாட்டு ஓட வேண்டிய நேரத்தை இந்த மனுசன் வீணாக்குகிறாரே... "பிள்ளை நித்திரையான பிறகு போடுங்கோ" என்று சட்டம் போட்டேன்.

ஒரு சனிக்கிழமை, குகன் சட்டத்தை மீறித் தட்டைப் போட்டுவிட்டுக் குசினியில் பாத்திரம் கழுவப் போனார். ஏச வேண்டுமென்றுதான் எழுந்தேன். பார்த்தால், இனியா ஸ்பீக்கரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறாள். வேறு வழியில்லாமல் நானும் கேட்டேன்.

கேட்டேன்... கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அந்த மனிதர் அவசரப்படுகிறவர் இல்லை. ஒரு நரம்பு தம்புரா மாதிரி அடியில் ரீங்கரித்துக்கொண்டே இருக்கிறது. அதற்கு மேலே ஒரு சின்ன வரி வாசிக்கிறார். நிறுத்துகிறார். பேஸ் கிற்றார் ஏதோ சொல்கிறது. டிரம்ஸ் "ம்" கொட்டுகிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வரி. போனில் கதைக்கும்போது மறுமுனைக்கும் இடம் விடுகிறவர்கள் சிலர் இருக்கிறார்களே, அப்படி. இவ்வளவு திறமையை விரலில் வைத்துக்கொண்டு ஒருவரால் எப்படி இவ்வளவு நேரம் சும்மா இருக்க முடிகிறது?

ஜாஸ் ரசிகர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாட்டு முடியும்வரை காத்திருக்கமாட்டார்கள். ஒருவர் தனியாக வாசித்து முடித்ததும் நடுவிலேயே கைதட்டுவார்கள். இந்தத் தட்டில், கைதட்டலுக்குச் சற்று முன்னால், கூட்டத்தில் யாரோ ஒருவர் சந்தோஷம் தாங்காமல் "யெஸ்!" என்கிறார். பழைய பதிப்பில் அவரையும் வெட்டிவிட்டார்களாம்.

பாட்டு ஓடி முடிய, குகன் வந்து திரும்பவும் முதலிலிருந்து போட்டுவிட்டுக் குசினிக்குப் போனார். அந்த இடம் வந்தது. கிற்றார் நின்றது. அந்த ஆள் வாய் திறப்பதற்கு முன்னால்...

"யெஸ்!"

என் மகள். சொல்லிவிட்டுக் கைதட்டினாள்.

குகன் சோப்பு நுரைக் கையோடு ஓடி வந்தார். "கேட்டனீரோ?"

"கேட்டனான்."

"இன்னொருக்காப் போடவோ?"

"கேக்கிறியளே... போடுங்கோ!"

சட்டமாவது ஒன்றாவது.

ஆனால் சந்தோஷத்தை முழுதாக அனுபவிக்க எனக்கு எப்போது தெரிந்தது? அன்றைக்கே சந்தேகம் வந்துவிட்டது. இது சொல்லா, வெறும் சத்தமா? தட்டைக் கேட்டுக் கிளி மாதிரி ஒப்பிக்கிறாளா?

போன ஞாயிறு ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போனோம். கெல்லிவில்லில் எங்கள் வீட்டு வாசலில் ஏறியதிலிருந்து காரிலும், போன் வழியாக, அதே கிற்றார். கோயில் வாசலில் புஷ்பம் அன்ரி பிடித்துக்கொண்டார். எங்களுக்குப் பக்கத்து ஊரான குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கிறார், தூரத்துச் சொந்தம்.

"பிள்ளை இன்னும் கதைக்கேல்லையோ? நீங்கள் ரெண்டுபேரும் போனும் கையுமா இருந்தா அது ஆரோடை கதைக்கும்?"

"ஓம் அன்ரி" என்றேன். சரியாகத்தான் சொல்கிறாரோ என்றுதான் எனக்குத் தோன்றியது.

பூசை நேரம். நாதஸ்வரமும் தவிலும். தவில்காரர் தனியாக ஒரு சுற்றுப் பொரிந்து தள்ளிவிட்டு நிறுத்தினார். நாதஸ்வரம் இன்னும் எடுக்கவில்லை. எல்லாரும் கைகூப்பி நிற்கிறார்கள். அந்த அமைதியில்...

"யெஸ்!"

கூடவே இரண்டு சின்னக் கைகள் தட்டும் சத்தம்.

முன்னால் நின்ற தலைகளெல்லாம் திரும்பின. தவில்காரரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஆற்றை பிள்ளை இது?" என்றார் ஒரு அங்கிள்.

"என்ரை பிள்ளைதான் அங்கிள்!" மைக் கிடைத்திருந்தால் அதிலும் சொல்லியிருப்பேன்.

புஷ்பம் அன்ரி என் முழங்கையை இடித்தார். "எடி, கதைக்குதெல்லோ! ஆனா உது இங்கிலீசெல்லே?" கொஞ்சம் யோசித்தார். "பரவாயில்லை. தவிலும் நல்லாத்தான் இருந்தது."

கிளி இல்லை. வேறு இடம், வேறு வாத்தியம்... ஆனாலும் தன் முறை எது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. திரும்பி வரும் வழியெல்லாம் என்னையே நினைத்துக்கொண்டு வந்தேன். வெங்காயம் என்ன நிறம் என்று கேட்டவளும் நான், சிவப்பு என்று சொன்னவளும் நான். அந்தப் பிள்ளை எந்த இடத்தில் புகுந்து பேசும்?

அடுத்த நாள் காலை. கல்லில் தோசை. "இனியாவுக்குத் தோசை வேணுமோ?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினேன். வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அவள் என் வாயைப் பார்த்தாள் – வழக்கம்போல் பதிலும் அங்கிருந்தே வரும் என்று. நான் பேசவில்லை. தோசை ஓரம் கருகத் தொடங்கியது. அப்போதும் பேசவில்லை.

"யெஸ்" என்றாள். மெதுவாக. என்னைப் பார்த்து.

கருகிய தோசையை முழுதாகச் சாப்பிட்டாள்.

இசைத்தட்டுதான் பேச வைத்தது என்று நான் சொல்லவரவில்லை. தயவுசெய்து யாரும் இதைப் படித்துவிட்டுப் பயிற்சியாளரிடம் போவதை நிறுத்திவிடாதீர்கள். எங்களுக்கும் முறை வந்துவிட்டது. வரும் வாரம் போகிறோம். முதல் சொல் எது என்று அவரும் கட்டாயம் கேட்பார். கிளப்பில் இருந்த யாரோ ஒருவரிடம் கற்ற சொல்லை "முதல் சொல்" என்று சொல்லலாமா? தமிழ் வீட்டில் முதல் சொல் "யெஸ்" என்று பதிய விடலாமா? அவள் "யெஸ்" என்னும்போது நான் எங்கள் தமிழில் "ஓம்" என்று திருத்த வேண்டுமா, சும்மா விட வேண்டுமா?

இந்த வழியால் போய்வந்த அம்மாக்களே, அப்பாக்களே, எழுதுங்கள். நீங்கள் சொல்லி முடிக்கும்வரை நான் வாய் திறக்கமாட்டேன்.